பைதானோடு கூடவே வரும் ஐடிலும் டிகிண்டரும்: கொட்டகலையிலிருந்து ஒரு விமர்சனம்

பைதான் என்ற நிரல் மொழியைக் கணினியில் நிறுவினால் நாம் கேட்காமலேயே இரண்டு பொருட்கள் கூடவே வந்து இறங்கும். ஒன்று ஐடில் என்ற, நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் எடிட்டர். மற்றது டிகிண்டர், திரையில் ஜன்னல், பொத்தான், எழுதும் பெட்டி எல்லாம் செய்ய உதவும் கருவித்தொகுப்பு. இரண்டுக்கும் இணையத்தில் பெரிய மரியாதை கிடையாது. பழசு, பார்க்க நன்றாக இல்லை, கம்பனிகளில் யாரும் பாவிப்பதில்லை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். நான் இலங்கையின் மலையகத்தில், கொட்டகலையில், உயர்தர (ஏ/எல்) மாணவர்களுக்கு ஐ.சி.டி. என்ற தகவல் தொழில்நுட்பப் பாடம் படிப்பிக்கிறவள். வாரம் முழுக்க இவை இரண்டோடும்தான் என் வேலை. அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிகிண்டர் பைதானோடு சேர்ந்து வருவது சரியான முடிவு. அதை எடுத்துவிடவே கூடாது. ஐடில் தேவைக்குப் போதும், ஆனால் புதிதாகப் படிக்கிற பிள்ளைக்கு அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. தமிழ் என்று வரும்போது, அதுவும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் இயங்குதளத்தில், இரண்டுமே கைவிட்டுவிடுகின்றன.

எந்தக் கணினியில் வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லாமல் விமர்சனம் எழுதுவது நியாயமில்லை. என் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். வீட்டில் கணினி இருந்தால் அது பெரும்பாலும் கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ பாவித்துவிட்டுக் கொடுத்த லெப்டொப். ராம் 2 ஜிபி, விண்டோஸ் 7, பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. நெட் என்றால் அம்மாவின் போனிலிருந்து ஹொட்ஸ்பொட். போட்ட ரீலோட் முடிந்தால் முடிந்ததுதான். ஜூன், ஜூலை மழையில் காற்றும் சேர்ந்து அடித்தால் கரண்டும் போகும், சிக்னலும் போகும்.

இந்த நிலைமையில் "நல்ல எடிட்டர் ஒன்றை டவுன்லோட் பண்ணிக்கொள்" என்பது லேசான வார்த்தை இல்லை. விண்டோஸ் 7இல் ஓடுகிற கடைசிப் பைதான் 3.8. அதன் நிறுவி 30 எம்பிக்குள் அடங்கும். ஒரு பென் டிரைவில் வைத்து வகுப்பு முழுக்கக் கைமாற்றலாம். உலகமே புகழ்கிற வி.எஸ். கோட் என்ற எடிட்டர் 2022லேயே விண்டோஸ் 7ஐ விட்டுவிட்டது. ஓடுகிற கணினியிலும் அதைத் தனியாக இறக்க வேண்டும், பைதானுக்கான நீட்டிப்பைத் தனியாகப் போட வேண்டும், அதற்குப் பிறகும் பைதானைத் தனியாகப் போட வேண்டும். ஐடிலோ பைதான் வந்த அந்தக் கணத்திலேயே தயார். ஒரு மொழியோடு எது கூட வருகிறதோ, இங்குள்ள பிள்ளைக்கு அதுதான் அந்த மொழி. வேறொன்றைத் தெரிவு செய்யும் வசதி அவனுக்கு இல்லை. அதனால்தான் இந்தத் தெரிவைச் செய்தவர்கள் சரியாகச் செய்தார்களா என்று பார்ப்பது எனக்கு முக்கியம்.

ஐடில் 1990களின் கடைசியில், பைதான் 1.5.2 காலத்தில் வந்தது. முழுக்கப் பைதானிலேயே, டிகிண்டரை வைத்தே எழுதப்பட்டது. திறந்தால் வெள்ளை ஜன்னல், அதில் மூன்று அம்புக்குறி. சாதாரண தரத்தில் பாஸ்கலின் நீலத் திரையோடு மல்லுக்கட்டிவிட்டு உயர்தரத்தில் பைதானுக்கு வருகிற பிள்ளை இதைப் பார்த்துப் பயப்படுவதில்லை. இரண்டும் இரண்டும் கூட்டச் சொன்னால் கீழேயே விடை வரும். புதிய கோப்பைத் திறந்து எழுதி, எஃப் 5ஐ அழுத்தினால் ஓடும். கட்டளைச் சொற்கள் செம்மஞ்சள், மேற்கோளுக்குள் இருப்பவை பச்சை, குறிப்புகள் சிவப்பு. மேற்கோள் குறியை மூட மறந்தால் வரியின் மிச்சம் பச்சையாகவே ஓடுவது பின்வரிசையில் இருக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் வாய் திறக்கத் தேவையே இல்லை.

குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. ஷெல்லில், அதாவது அந்த மூன்று அம்புக்குறி ஜன்னலில், முன்பு எழுதிய வரியைத் திரும்ப எடுக்க எல்லோருடைய விரலும் மேல் அம்புக்குறிக்குத்தான் போகும். ஐடிலில் அது வேலை செய்யாது. கேர்சர் சும்மா மேலே ஏறிவிடும். ஓல்ட் (Alt) விசையையும் பி-யையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதை ஒவ்வொரு புதிய வகுப்புக்கும் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். திரையைத் துடைத்துச் சுத்தமாக்க ஒரு வழி கிடையாது. வரி எண் காட்டும் வசதி 2019இல், 3.8 வந்தபோதுதான் கிடைத்தது; அதுவும் நாமே மெனுவில் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். பிழைச் செய்தி "வரி 14" என்று சொல்லும், பிள்ளை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கும். இருபது வருஷம் இப்படியே விட்டிருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். பிழை தேட உதவும் டிபக்கர் இருக்கிறது என்று பெயர். அந்தக் குட்டி ஜன்னலை வைத்து ஒரு லூப்பை விளங்கவைக்க என்னால் முடியவில்லை.

இன்னொன்று. பிள்ளைகள் தங்கள் கோப்புக்கு "ராண்டம்", "டர்ட்டில்", "டிகிண்டர்" என்று பாடத்தின் பெயரையே வைத்துச் சேமித்துவிடுவார்கள். அதன் பிறகு பைதான் தன்னுடைய தொகுப்பை விட்டுவிட்டு இந்தக் கோப்பையே எடுத்துப் பார்க்கும், எதுவும் ஓடாது. இது ஐடிலின் பிழை இல்லை, ஆனால் சேமிக்கிற நேரத்திலேயே ஒரு வார்த்தை எச்சரித்தால் எவ்வளவோ கண்ணீர் மிச்சம்.

நான் மேலே சொன்ன "அதைவிட நல்லது" தோனி (Thonny) என்ற எடிட்டர். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் உருவானது. நிறுவி ஏறக்குறைய 20 எம்பி, பைதானும் உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7காரர்களுக்கென்று பைதான் 3.8ஓடு தனியாக ஒரு பதிப்பும் வைத்திருக்கிறார்கள். அதன் அருமை படிப்படியாக ஓட்டிக் காட்டுவதில். ஒரு வரியில் கூட்டலும் பெருக்கலும் இருந்தால், பெருக்கல் முதலில் விடையாக மாறுவதையும் பிறகு கூட்டல் மாறுவதையும் அந்த இடத்திலேயே காட்டும். மாறிகளின் பெறுமதி பக்கத்துப் பெட்டியில் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சார்பை (ஃபங்ஷன்) அழைத்தால் அதற்கென்று தனி ஜன்னல் திறக்கும், முடிந்தால் மூடும். உயர்தரத்தில் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிற இடம் சார்பு. அதைத் தோனியில் காட்டியபோது, வழக்கமாக ஒன்றும் பேசாத ஒரு பிள்ளை, "மிஸ், உள்ளுக்குப் போயிட்டு விடையோட வெளிய வருது" என்றாள். அதற்கு மேல் நான் விளக்கவில்லை.

அந்தத் தோனியே டிகிண்டரில் எழுதப்பட்டதுதான். டிகிண்டரில் உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான்.

சரி, டிகிண்டருக்கு வருவோம். நான் படிப்பிப்பது எப்போதும் ஒரே புரோகிராமை வைத்துத்தான். மடுவத்தில், அதாவது தோட்டத்துக் கொட்டகையில், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கணக்கு. ஒரு பெட்டியில் பெயர், ஒரு பெட்டியில் கிலோ, கீழே ஒரு பொத்தான். குறித்த கிலோ வந்தால் "பேர்", அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் "அரைப்பேர்", கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனியாகக் காசு. குறித்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். வகுப்புக்கு 18 என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனைக் கூற்று என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒரு கிலோ குறைந்ததற்கு அரைப்பேர் போட்ட நாளில் அம்மா வீட்டுக்கு வந்து என்ன பேசினாள் என்பது அவர்களுக்குத் தெரியும். இருபது வரிக்குள் அந்த ஜன்னல் வந்துவிடும். பொத்தானை அழுத்தினால் விடை வரும். கறுப்புத் திரையில் எழுத்தாக வருகிற விடையைப் பார்க்கும் முகம் வேறு, தான் செய்த ஜன்னலில் வருகிற விடையைப் பார்க்கும் முகம் வேறு. வீட்டில் போய் அம்மாவிடம் காட்டுகிறார்கள், அம்மா கிலோவை அடித்துப் பார்க்கிறாள்.

கையில் எடுத்தவுடன் சிக்குகிற இடங்கள் இரண்டு. பொத்தானுக்குச் சார்பின் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் அடைப்புக்குறியும் போட்டுவிட்டால், ஜன்னல் திறக்கும்போதே சார்பு ஒருமுறை ஓடிவிடும், பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அடுத்தது, பொருட்களை ஜன்னலில் அடுக்க பேக் என்று ஒரு முறை, கிரிட் என்று ஒரு முறை. ஒரே ஜன்னலில் இரண்டையும் கலந்தால் சிவப்பில் ஒரு பிழைச் செய்தி வரும். அதில் ஜன்னலின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி இருக்கும். என்ன புள்ளி என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி, அதற்கு விடை சொல்ல வரலாற்றுக்குப் போக வேண்டும்.

ஜான் ஓஸ்டர்ஹவுட் என்பவர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது 1988இல் டி.சி.எல். என்று ஒரு சிறிய மொழியை உருவாக்கினார். அதற்கு ஜன்னல் செய்யும் கருவியாக அதன் பின் வந்தது டி.கே. பைதானின் டிகிண்டர் அந்த டி.கே.யின் மேல் போட்ட ஒரு மெல்லிய உறை. நாம் பைதானில் எழுதும் ஒவ்வொரு பொத்தானும் உள்ளே ஒரு டி.சி.எல். கட்டளையாக மாறித்தான் ஓடுகிறது. அந்த மொழியில் முதன்மை ஜன்னலின் பெயர் வெறும் புள்ளி. பைதான் படிக்கிற பிள்ளைக்கு முன்னால் வேறொரு மொழியின் பிழைச் செய்தி வந்து நிற்பது குறைதான். டிகிண்டரில் எனக்குப் பிடிக்காத விஷயங்களில் இது முதலாவது.

அப்படியென்றால் வேறு எதைக் கூட வைத்திருக்கலாம்? கியூட்டி (Qt) என்று இன்னொரு கருவித்தொகுப்பு உண்டு. அழகு, வசதி, எல்லாம் சரி. ஆனால் பைதானில் அதைப் பாவிக்க உதவும் பைசைட் 6ஐ முழுதாக இறக்கினால் 100 எம்பியைத் தாண்டிவிடும், பைதானைவிடச் சில மடங்கு. அதே வேலைக்கான பைகியூட்டியை எடுத்தால் உரிமம் ஜி.பி.எல்., அதாவது புரோகிராமைக் கொடுக்கும்போது அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் காசு கட்ட வேண்டும். டவுனில் ஒரு பலசரக்குக் கடைக்குப் பில் போடுகிற புரோகிராம் எழுதி விற்க நினைக்கிற பையனுக்கு இது உண்மையான தலைவலி. டி.கே.யில் அந்தச் சிக்கல் இல்லை. டபிள்யூ.எக்ஸ். பைதான் என்ற மற்றொரு தொகுப்பு விண்டோஸில் விண்டோஸ் மாதிரியே தெரியும், ஒருகாலத்தில் அதைத்தான் தரமாக வைக்க வேண்டும் என்று பலர் வாதாடினார்கள். ஆனால் பைதான் 3 வந்தது 2008இல். அதற்கு ஏற்ற டபிள்யூ.எக்ஸ். 4.0 வந்தது 2018இல். அதை நம்பியிருந்தால் புதிய பைதான் இவ்வளவு காலம் ஒரு ஜன்னலும் இல்லாமல் நின்றிருக்கும். டிகிண்டர் பைதான் 3ஓடு முதல் நாளே வந்தது. பெயரின் முதல் எழுத்தைச் சிறிய எழுத்தாக்கியதுதான் பிள்ளைகள் கவனிக்கவேண்டிய பெரிய மாற்றம்.

அழகைப் பற்றிச் சொன்னால், டிடிகே என்ற துணைத்தொகுப்பைப் பாவித்தால் பொத்தான்கள் விண்டோஸின் சொந்தப் பொத்தான்கள் போலவே இருக்கும். அதுவும் கூடவே வருகிறதுதான். பலர் அதைத் தொடாமலே "பழசு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆமை வரைகிற டர்ட்டில் தொகுப்பும் டிகிண்டர் மேல்தான் நிற்கிறது. கணினியே இல்லாமல் போன் மட்டும் உள்ள பிள்ளைகள் பைட்ராய்ட் 3 என்ற செயலியைப் போட்டுக்கொள்கிறார்கள். அதிலும் டிகிண்டர் ஓடும்.

இனி தமிழ். பைதான் 3இல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். "எடை", "பெயர்", "கூலி" என்று எழுதினால் ஓடும். விண்டோஸில் ஐடிலில் எழுதும்போது எழுத்து ஒழுங்காகவே தெரிகிறது. எழுத்துரு விண்டோஸ் 7இல் லதா, அதற்குப் பிறகு நிர்மலா. கேர்சர்தான் அலைக்கழிக்கும். "கொ"வைத் தாண்ட அம்புக்குறியை இரண்டு முறை அழுத்த வேண்டும், நடுவில் ஒருமுறை ககரத்துக்கும் கொம்புக்கும் இடையில் எங்கோ நிற்கும். காரணம், பைதானின் கணக்கில் "கொழுந்து" நான்கு எழுத்து இல்லை. நீளம் கேட்டால் 8 என்று சொல்லும். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி.

லினக்ஸில்தான் உண்மையான துன்பம். ஒரு பாடசாலையின் கணினி அறையில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையைப் போட்டிருந்தார்கள். அங்கே டிகிண்டரை அழைத்தால் முதலில் "அப்படி ஒரு தொகுப்பே இல்லை" என்று பதில் வரும். உபுண்டுவிலும் அதன் மூலமான டெபியனிலும் பைதான் 3க்கான டி.கே.யைத் தனிப் பொதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நெட் இல்லாத அறையில் அதை எங்கே போய் இறக்குவது? பிறகு ஒருவழியாக அதைக் கொண்டுவந்து போட்டுக் கொழுந்துக் கணக்கை ஓட்டினோம். "மிஸ், எழுத்தெல்லாம் உடைஞ்சு போச்சு."

உடைந்துதான் போயிருந்தது. "பெயர்" என்ற சொல்லில் ப முதலில் நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் வருகிறது. "கொழுந்து" என்பதில் கொம்பும் காலும் ககரத்தின் இரு பக்கமும் வராமல் அதற்குப் பின்னால் கூடி நிற்கின்றன. ழுவிலும் துவிலும் உகரம் ஒட்டாமல் தனியாக விலகிக் கிடக்கிறது. லினக்ஸில் டி.கே. 8.6 எழுத்துகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வரைந்துவிடுகிறது. தமிழ் போன்ற மொழிக்குத் தேவையான, குறியை முன்னுக்கு நகர்த்தி மெய்யோடு ஒட்டவைக்கிற வேலையை அது செய்வதில்லை. அதே கணினியில் பிரவுசரைத் திறந்தால் அதே சொல் ஒரு குறையும் இல்லாமல் தெரிகிறது.

ஒரு பையன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவைப் போட்டு, பாமினித் தட்டச்சில் எழுதினான். அழகாக வந்துவிட்டது, ஏனென்றால் பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பை முதலில் அடிக்கிறோம். கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டினேன். ஆனால் அந்த வழியில் போக வேண்டாம் என்றும் சொன்னேன். கோப்பில் சேமிக்கப்படுவது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துக் குவியல். பெயர்களை அகர வரிசையில் அடுக்கச் சொன்னால் ஆங்கில வரிசையில் அடுக்கும். ஒரு பெயரைத் தேடச் சொன்னால் கிடைக்காது. திரையில் சரியாக இருந்து கோப்பில் பிழையாக இருப்பதைவிட, கோப்பில் சரியாக இருந்து திரையில் பிழையாக இருப்பது மேல். இன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி, லினக்ஸில் தமிழ் ஜன்னல் வேண்டுமென்றால் கியூட்டியைப் போட்டுக்கொள்வது. அப்போது மறுபடியும் அந்த 100 எம்பி.

எனவே என் வகுப்பில் நடப்பது இதுதான். பென் டிரைவில் பைதான் 3.8உம் தோனியும் இருக்கும். முதல் தவணை முழுக்கத் தோனி. ஜன்னல் செய்ய வரும்போது டிகிண்டர், ஆரம்பத்திலிருந்தே கிரிட் மட்டும், பேக் கிடையாது. இடையில் ஐடிலையும் பழக்கிவிடுவேன், ஏனென்றால் எந்தப் பாடசாலைக் கணினியில் உட்காரவைத்தாலும் பைதான் இருந்தால் அனேகமாக அது இருக்கும். வேலைக்குப் போகிற வயதில் வி.எஸ். கோட் படித்துக்கொள்ள ஒரு கிழமை போதும்.

ஐடிலில் எழுத்துரு மாற்றும் இடத்துக்குப் போனால், பல மொழிகளின் எழுத்துகளை மாதிரிக்குக் காட்டும் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் தமிழும் உண்டு. முதல் தடவை அதைப் பார்த்தபோது பிள்ளைகள் கத்திவிட்டார்கள். ௦ முதல் ௯ வரை தமிழ் இலக்கங்கள், பிறகு அ, இ, உ, எ. அவ்வளவுதான். இவற்றில் ஒன்றுகூட உடையக்கூடிய எழுத்து இல்லை. கொம்பு இல்லை, கால் இல்லை, புள்ளி இல்லை. அதனால் லினக்ஸில் அந்தப் பெட்டியைப் பார்க்கிற எவருக்கும் தமிழ் நன்றாக இருக்கிறது என்றே தோன்றும். அந்த வரியில் "கொ", "ழு", "ந்" மூன்றையும் சேர்த்தால் குறை எல்லோர் கண்ணிலும் படும். பைதானின் பிழை முறையீடுகள் 2022இலிருந்து கிட்ஹப் இணையத்தளத்தில் இருக்கின்றன, யாரும் எழுதலாம். இந்தத் தவணையில் என் உயர்தரப் பிள்ளைகளுக்கான செயல்திட்டம் அதுதான்: இரண்டு கணினிகளிலும் படம் பிடித்து, மாதிரி வரியில் என்ன சேர்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதி, அவர்களே அனுப்பப்போகிறார்கள்.